பொறிக்கு மொழி கற்பித்த அம்மையார்

சென்ற பருவ விடுமுறைக்கு முந்திய வாரத்தில் ஒருநாள் இரவு, விடுதியில் என் அறைத்தோழர் தமது பழைய கணிப்பொறியில் பைதன் என்னும் நிரல்மொழியை நிறுவ முற்பட்டார். ஆயத்தமாகக் கிடைக்கும் பதிப்பு அப்பழம்பொறிக்கு ஒவ்வாமையால், அம்மொழியின் மூல நிரலையே வருவித்து, அதனைத் தம் பொறியிலேயே ஆக்கிக்கொள்ள எண்ணினார். மூல நிரலென்பது மனிதர் படித்தறியத் தக்க எழுத்துகளால் ஆயது. பொறியோ எண்களாலாகிய கட்டளைகளையன்றி வேறொன்றும் அறியாது. ஆதலின் மூலத்தைப் பொறியின் எண்மொழிக்குப் பெயர்த்தல் வேண்டும். இப்பணி மூன்று படிகளையுடையது. முதற்படியில் அப்பொறியிடம் வேண்டுவன யாவும் உளவோ என ஆராயப்பெறும். இரண்டாம் படியில் மூலம் பெயர்க்கப்பெறும். மூன்றாம் படியில் பெயர்த்தவை தத்தமக்குரிய இடங்களில் வைக்கப்பெறும்.

தோழரது முயற்சி முதற்படியிலேயே தடைப்பட்டது. பைதன் மொழியின் மூலத்தில் பொறிமொழிக்குப் பெயர்க்கப்பெறும் பகுதி பெரும்பாலும் சி என்னும் வேறொரு மொழியில் எழுதப்பட்டுள்ளது. சி மொழியைப் பெயர்க்கவல்ல நிரல்பெயர்ப்பி, அஃதாவது கம்பைலர், அப்பொறியில் இல்லை. அதனை வருவித்து வைத்த பின்னரே பெயர்ப்பு வேலை தொடங்கி, வரிகள் திரையில் ஓடலாயின.

தமிழ் மாணவனாகிய யான் அருகிருந்து நோக்கினேன். எனக்கொரு ஐயம் எழுந்தது. ஒரு மொழியை நிறுவுதற்கு மற்றொரு மொழியின் பெயர்ப்பி வேண்டும். அப்பெயர்ப்பியும் ஒரு நிரலேயாதலின், அதனை ஆக்குதற்கு வேறொரு பெயர்ப்பி வேண்டும். இவ்வாறே பின்னோக்கிச் செல்லின், முதற் பெயர்ப்பியை எதனைக்கொண்டு ஆக்கினர்? தோழர் நகைத்து, அதனை முன்னோர் எண்களாலேயே எழுதினரென்றும், அவருள் முன்னின்றவர் கிரேஸ் ஹாப்பர் என்னும் அம்மையார் என்றும் கூறினார். அவ்வம்மையாரின் வரலாற்றை நூலகத்தில் தேடிப் படித்தேன். படித்ததனைச் சுருக்கி இங்குத் தருகின்றேன்.

பிறப்பும் இளமையும்

கிரேஸ் புரூஸ்டர் மரே 1906ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9ஆம் நாள் அமெரிக்க நாட்டு நியூயார்க் நகரில் பிறந்தார். உடன்பிறந்தார் மூவருள் இவரே மூத்தவர். தந்தையார் வால்ட்டர் மரே காப்புறுதித் தொழில் செய்தவர். பாட்டனார் ஒருவர் நில அளவைப் பொறியாளர். பூட்டனார் ஒருவர் அந்நாட்டுக் கடற்படையில் அட்மிரல் பதவி வகித்தவர். பாட்டனார் வழிவந்த கணித விருப்பும், பூட்டனார் வழிவந்த கடற்படைப் பற்றும் பின்னாளில் இவர் வாழ்வில் ஒருங்கே கூடின.

இவருக்கு ஏழு வயதாயிருந்தபோது நிகழ்ந்த நிகழ்ச்சியொன்று இவரது இயல்பைக் காட்டும். கோடைக்கால இல்லத்தில் அறைதோறும் அலாரக் கடிகாரம் ஒன்று இருந்தது. அஃது எவ்வாறு ஒலிக்கின்றது என்றறிய விரும்பி, இவர் ஒன்றைப் பிரித்தார். பிரித்ததைச் சேர்க்க இயலவில்லை. எங்ஙனம் சேர்ப்பதென்று காண்பதற்கு மற்றொன்றைப் பிரித்தார். இவ்வாறே ஏழு கடிகாரங்களும் பிரிந்து கிடந்தன. அன்னையார் சினந்து தண்டித்தாரல்லர்; இனி ஒரு கடிகாரத்தையே பிரித்துப் பார்த்தல் வேண்டுமென்று வரையறை செய்து, அவ்வொன்றை மகளிடமே விட்டுவிட்டார். அறியும் அவாவை அடக்காது, அதற்கொரு எல்லை மட்டும் வகுத்த அத்தாயின் செயல் போற்றத்தக்கது.

தந்தையார் நோயினால் கால்களை இழந்தவர். தமக்குப்பின் தம் மக்கள் எவரையும் சாராது வாழ்தல் வேண்டுமென்று விழைந்து, மகளிர்க்கும் மகனுக்கும் ஒத்த கல்வியையே அளித்தார். பெண்கட்கு உயர்கல்வி அரிதாயிருந்த அக்காலத்தில் இது சிறியதொரு செயலன்று.

கல்வியும் ஆசிரியப் பணியும்

வாசர் கல்லூரியிற் சேர முதன்முறை முயன்றபோது, இலத்தீன் தேர்வில் இவர் போதிய மதிப்பெண் பெற்றிலர். கல்லூரி இவரை ஏற்கவில்லை. பிற்காலத்தில் பொறிகளுக்கு மொழி வகுத்தவர் இளமையில் மொழித்தேர்வொன்றில் தவறினார் என்பது வியப்பிற்குரியது. ஓராண்டு கழித்து மீண்டும் முயன்று இடம் பெற்றார். 1928இல் கணிதத்திலும் பௌதிகத்திலும் பட்டம் பெற்று, யேல் பல்கலைக்கழகத்தில் 1930இல் முதுகலைப் பட்டமும், 1934இல் கணிதத்தில் டாக்டர் பட்டமும் எய்தினார். 1930இல் வின்சென்ட் ஹாப்பர் என்பாரை மணந்தார். மக்கட்பேறு இல்லை. அம்மணவாழ்வு 1945இல் முறிந்தது. எனினும் ஹாப்பர் என்னும் பெயரே இறுதிவரை இவருடன் நின்றது.

1931 முதல் வாசர் கல்லூரியிலேயே கணிதம் கற்பித்தார். அவ்வமைதியான வாழ்வை இரண்டாம் உலகப்போர் மாற்றியமைத்தது.

கடற்படையில்

1943இல் இவர் கடற்படையின் மகளிர் சேமப் பகுதியில் சேர விழைந்தார். வயதோ முப்பத்தாறு. உடல் எடையும் விதித்த அளவாகிய 120 இராத்தலுக்குப் பதினைந்து குறைந்திருந்தது. சிறப்பு அனுமதி பெற்றுச் சேர்ந்து, பயிற்சியில் முதல்வராய்த் தேறினார். 1944 ஜூலைத் திங்களில் ஹார்வார்டு பல்கலைக்கழகத்தில் ஹோவர்டு எய்க்கன் என்னும் அறிஞரின்கீழ் இயங்கிய கணிப்புப் பணிக்கு அனுப்பப்பெற்றார்.

ஆங்கு இவர் கண்டது மார்க் ஒன்று என்னும் பெருங்கணிப்பொறி. அதன் நீளம் 51 அடி. உயரம் 8 அடி. நிறை ஏறத்தாழ 5 டன். ஒரு விநாடியில் மூன்று கூட்டல்களைச் செய்யும். ஒரு பெருக்கலுக்கு ஆறு விநாடி கொள்ளும். இந்நாளில் சட்டைப்பையில் அடங்கும் கருவியின் விரைவை நோக்க இது நத்தையின் நடையே. ஆயினும் அந்நாளில் அஃதொரு விந்தை. காகித நாடாவில் துளையிட்டே அதற்குக் கட்டளைகள் தரப்பெற்றன. அதற்கு நிரல் எழுதிய முதல் சிலருள் ஹாப்பர் அம்மையாரும் ஒருவர். அப்பொறியை இயக்கும் முறையை விளக்கும் நூலை எழுதும் பணியும் இவர்மேற் சுமத்தப்பட்டது. 1946இல் வெளிவந்த அந்நூல் 561 பக்கங்களையுடையது.

1947 செப்டம்பர் 9ஆம் நாள் அடுத்த பொறியாகிய மார்க் இரண்டின் உறுப்பொன்றில் விட்டிற்பூச்சி ஒன்று சிக்கிக் கிடக்கக் கண்டனர். அதனைப் பணிக்குறிப்பேட்டில் ஒட்டிவைத்தனர். அவ்வேடு இன்றும் வாஷிங்டன் நகர ஸ்மித்சோனியன் காட்சிச்சாலையில் உளது. நிரற்பிழையைப் பூச்சி என்று வழங்குஞ் சொல்லை இவரே ஆக்கினாரென்று பலர் எழுதுவர். அது பொருந்தாது. பொறியாளரிடை அச்சொல் முன்னரே வழங்கிற்று. இவர் அக்கதையைச் சுவைபடச் சொல்லிப் பரப்பினார், அவ்வளவே.

போர் முடிந்தபின் நிலையான கடற்படைப் பதவி வேண்டினார். வயது மிகுதியென மறுத்தனர். வாசர் கல்லூரி பேராசிரியப் பதவி தந்து அழைத்தும், பொறியை விட்டுப் பிரிய மனமின்றி ஹார்வார்டிலேயே தங்கினார். அப்பணியும் 1949இல் முடிவுற்றது. அவ்வாண்டுகளில் மனச்சோர்வும் மதுப்பழக்கமும் இவரைப் பற்றியிருந்தன. நண்பர் கைகொடுத்தனர், இவரும் மீண்டெழுந்தார். பெரியோரை மாசற்றவராய் மட்டும் தீட்டுதல் வரலாறாகாது. வீழ்ந்தெழுந்தார் என்பதே நம்மனோர்க்கு ஊக்கந் தருவது.

முதற் பெயர்ப்பி

1949இல் பிலடெல்பியா நகரில் எக்கர்ட், மாக்லி என்னும் இருவர் நடத்திய நிறுவனத்தில் மூத்த கணிதராய்ச் சேர்ந்தார். அடுத்த ஆண்டில் அந்நிறுவனம் ரெமிங்டன் ராண்டு நிறுவனத்தின் வயமாயிற்று. ஆங்கு யூனிவாக் என்னும் கணிப்பொறி உருவாகிக்கொண்டிருந்தது.

அந்நாளில் நிரல் எழுதுவோர், முன்பு எழுதிச் செவ்வை பார்த்த சிறு நிரற்கூறுகளைத் தம் ஏடுகளிற் குறித்து வைத்திருப்பர். புதிய நிரலில் அவை வேண்டும்போது ஏட்டைப் பார்த்துப் படியெடுப்பர். ஒரு கூறு புதிய இடத்தில் அமையும்போது, அதனுள் வரும் இடக்குறிப்பெண்கள் யாவும் அதற்கேற்பக் கூட்டி மாற்றப்படுதல் வேண்டும். மனிதர் படியெடுப்பதிலும் கூட்டுவதிலும் பிழைபடுவது இயல்பு. ஏட்டுச்சுவடிகளைப் படியெடுத்தோர் செய்த பிழைகளால் நம் பழம்பாடல்கள் எத்துணைப் பாடவேறுபாடுகளை அடைந்தன என்பதைத் தமிழ் பயில்வார் அறிவர். பாடவேறுபாடு ஒரு பாட்டின் பொருளைத் திரிக்கும். எண் வேறுபாடோ நிரல் முழுவதையும் நிறுத்திவிடும்.

இதனைக் கண்ட அம்மையாருக்கு எளியதோர் உண்மை புலப்பட்டது. படியெடுத்தலும் கூட்டுதலும் மனிதர்க்கு அரியன. பொறிக்கோ அவையே எளியன. அவ்வாறாயின் நிரலாக்கும் அவ்வேலையைப் பொறியிடமே ஏன் ஒப்படைத்தலாகாது? சிறு நிரற்கூறுகளை நாடாவில் தொகுத்து, ஒவ்வொன்றிற்கும் ஓர் அழைப்பெண் அளித்தார். நிரல் எழுதுவோர் அவ்வெண்களை மட்டும் வரிசையாய்த் தந்தால், பொறி தானே அக்கூறுகளைத் தேடியெடுத்து, இடக்குறிப்பெண்களை மாற்றி, முழு நிரலாய்க் கோத்துத் தரும். ஏ-பூச்சியம் எனப்பெற்ற இவ்வமைப்பு 1952இல் இயங்கிற்று. அவ்வாண்டு மே மாதம் பிட்ஸ்பர்க் நகரில் கூடிய கணிப்பொறி அறிஞர் பேரவையில் அதனைப்பற்றி ஒரு கட்டுரை படித்தார். கணிப்பொறிக்குக் கல்வி புகட்டுதல் என்பதே அதன் தலைப்பின் கருத்து.

கூறுகளைத் தொகுப்பதாகலின் இதற்குக் கம்பைலர், அஃதாவது தொகுப்பது என்னும் பெயர் இட்டார். பின்னர் மொழிபெயர்க்கும் நிரல்களுக்கே அப்பெயர் உரியதாயிற்று. தொல்காப்பியர் வழிநூலின் வகைகளை எண்ணுமிடத்துத் தொகுத்தலையும் மொழிபெயர்த்தலையும் உடன்வைத்தமை இங்கு நம் நினைவிற்கு வருகின்றது. மூல நிரலை முதல்நூலென்றும், பொறிமொழி நிரலை வழிநூலென்றும் நாம் கொள்ளலாம். இன்றைய பெயர்ப்பிகள் செய்வன யாவற்றையும் ஏ-பூச்சியம் செய்ததில்லை. அவ்வாண்டிலேயே இங்கிலாந்தில் பிறரும் இத்துறையில் முயன்றனர். எனினும் நிரலை ஆக்கும் நிரல் என்னும் எண்ணத்திற்கு வடிவு தந்து, அதனை இடையறாது எடுத்துரைத்த பெருமை இவ்வம்மையாரையே சாரும்.

உலகம் உடனே ஒப்பவில்லை. கணிப்பொறி கணக்கே செய்யும், நிரல் எழுதாது என்று பலர் மறுத்தனர். ஓடிக்கொண்டிருந்த பெயர்ப்பியைத் தொட்டுப் பார்க்கவும் ஆளில்லாத நிலை சின்னாள் இருந்தது.

மூலத்தை ஈந்தமை

அம்மையாரும் அவர்தம் குழுவினரும் தளர்ந்திலர். திருத்தி வளர்த்து, 1953இல் ஏ-இரண்டு என்னும் அமைப்பை முடித்தனர். அவ்வாண்டின் இறுதியில் அது யூனிவாக் பொறியை உடையவர்களுக்கு அனுப்பப்பட்டது. இங்கே நாம் சிறிது நின்று நோக்குதல் வேண்டும். பெயர்த்து முடித்த நிரலை மட்டும் அனுப்பினாரல்லர்; அதன் மூலத்தையும் உடன் அனுப்பினர். பெறுவோர் அதனைத் திருத்தலாமென்றும், திருத்தியவற்றைத் தமக்குத் திருப்பி அனுப்புமாறும் வேண்டினர்.

ஏழு கடிகாரங்களைப் பிரித்த சிறுமியை இச்செயல் எனக்கு நினைவூட்டுகின்றது. மூடிய பெட்டியைத் தருவோர், இதனைப் பயன்படுத்துக என்ற அளவில் நிற்பர். மூலத்தைத் தருவோரோ, திறந்து பார்க்கவும், குறை காணவும், நிறைவு செய்யவும் பெறுவோர்க்கு உரிமை தருகின்றனர். இன்று உலகெங்கும் மாணவர் மூல நிரலை இலவசமாய்ப் பெற்றுத் தம் பொறிகளில் மொழிகளை ஆக்கிக்கொள்ளும் வழக்கத்திற்கு அச்செயல் ஒரு முன்னோடி.

மொழியைப் பொதுவாக்கல்

இதன்பின் அம்மையார் இன்னும் ஒருபடி மேற்சென்றார். கணிதக் குறியீடுகள் கணிதர்க்கு ஏற்றன. வாணிகக் கணக்கும் சம்பளப் பட்டியலும் சரக்கிருப்பும் எழுதுவோர்க்கு அவை அயன்மொழி. அவரவர் நாடோறும் வழங்கும் சொற்களாலேயே கட்டளையிட ஏன் இயலாது என்று வினவினார். 1955இல் இதனைத் தலைவர்களுக்கு விளக்கும்பொருட்டு ஒரு சிறு நிரலை ஆங்கிலச் சொற்களால் எழுதி இயக்கினார். பின்னர் அச்சொற்களுக்கு ஈடாகப் பிரெஞ்சுச் சொற்களையும் ஜெர்மன் சொற்களையும் இட்டும் இயக்கிக் காட்டினார். பொறிக்கு எம்மொழியும் ஒன்றே, எல்லாம் குறிகளே என்பதைக் காட்டுவதே அவர் கருத்து. தலைவர்களோ, அமெரிக்கப் பொறி அயல்நாட்டு மொழிகளை அறிவதாவது என்று மருண்டனர். ஆங்கிலத்தில் மட்டுமே இயங்கும் என்று உறுதிகூறி அவர்களைத் தெளிவிக்கச் சில மாதங்கள் ஆயின. அம்முயற்சியின் பயனே ஃபிளோமாட்டிக் என்னும் நிரல்மொழி.

அக்காலத்தில் நிறுவனந்தோறும் ஒரு பொறியும், பொறிதோறும் ஒரு மொழியும் தோன்றின. பாபேல் கோபுரத்தைக் கட்டியோர் ஒருவர் பேச்சை ஒருவர் அறியாது திகைத்த நிலையே கணிப்பொறி உலகிற்கும் நேர்ந்தது. பொறி மாறின், எழுதிய நிரல் யாவும் வீணாம். இந்நிலையை மாற்ற 1959 மே மாதம் பெண்டகன் மாளிகையில் அரசினரும் நிறுவனத்தாரும் கூடினர். அதன் விளைவாய் எழுந்த பொதுமொழியே கோபோல். அதனை வகுத்தவர் ஒரு குழுவினர். ஹாப்பர் அம்மையார் ஆலோசகராய் நின்றார். ஆயினும் அம்மொழிக்கு அடிப்படையாய் அமைந்தது பெரிதும் அவருடைய ஃபிளோமாட்டிக்கே. 1960 டிசம்பர் 6, 7ஆம் நாள்களில், ஏறத்தாழ ஒரே கோபோல் நிரல், இரு வேறு நிறுவனத்தார் செய்த இரு வேறு பொறிகளில் இயக்கிக் காட்டப்பெற்றது. மூலம் ஒன்று, பொறிகள் இரண்டு, பெயர்ப்பிகள் இரண்டு, விடை ஒன்று. என் தோழர் பழம்பொறியில் பைதன் மொழியை ஆக்கிக்கொள்ள முடிந்ததும் இக்கொள்கையினாலேயே.

முதுமையும் மறைவும்

1966ஆம் ஆண்டிறுதியில் வயது கருதிக் கடற்படைச் சேமப் பகுதியினின்றும் ஓய்வு பெற்றார். அடுத்த ஆண்டு ஆகஸ்டிலேயே கடற்படை இவரை மீண்டும் அழைத்தது. ஆறு திங்களுக்கென அழைத்த அழைப்பு ஏறத்தாழ பத்தொன்பது ஆண்டு நீண்டது. கோபோல் மொழிக்குப் பலர் பெயர்ப்பிகள் செய்தனராதலின், அவை விதிப்படி பெயர்க்கின்றனவா என்று ஆராயும் சோதனை நிரல்களை இவர் தம் குழுவுடன் வகுத்தார். இன்றும் ஒரு மொழியை மூலத்தினின்று ஆக்கியபின், நிறுவுமுன் சோதனை நிரல்களை ஓட்டிப் பார்த்தல் நன்மரபு.

முதுமையில் ஊர்தோறுஞ் சென்று இளைஞர்க்கு உரையாற்றினார். ஏறத்தாழ ஓரடி நீளமுள்ள கம்பித் துண்டுகளை அவையோர்க்கு வழங்குவார். ஒரு விநாடியின் நூறுகோடியில் ஒருபங்கு நேரத்தில் மின்சாரம் செல்லக்கூடிய மிகுதியான தொலைவு அவ்வளவே என்று விளக்குவார். கண்ணுக்குப் புலனாகாத காலத்தைக் கையில் தந்த ஆசிரியர் அவர். தம் அலுவலகச் சுவரில் இடப்புறமாகச் சுழலும் கடிகாரம் ஒன்றை மாட்டியிருந்தார். வழக்கம் என்பதொன்றே ஒரு செயலுக்குக் காரணமாகாது என்பது அதன் பாடம்.

1986 ஆகஸ்டு 14ஆம் நாள், பாஸ்டன் துறையில் நின்ற கான்ஸ்டிட்யூஷன் என்னும் பழம்போர்க் கப்பலின்மேல், ரியர் அட்மிரல் பதவியுடன் ஓய்வு பெற்றார். அன்று அவர்க்கு வயது எழுபத்தொன்பது. அதன்பின்னும் கணிப்பொறி நிறுவனமொன்றில் ஆலோசகராய்ப் பணியாற்றி, 1992 ஜனவரி முதல் நாள் ஆர்லிங்டனில் உயிர் நீத்தார். ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் படைமரியாதையுடன் அடக்கம் செய்யப்பெற்றார். 1996இல் நீரில் இறக்கப்பெற்ற போர்க்கப்பலொன்று அவர் பெயர் தாங்கிற்று. 2016இல் அமெரிக்க அரசு தன் உயரிய குடிமக்கள் விருதை அவர் நினைவிற்கு அளித்தது. 2017இல் யேல் பல்கலைக்கழகம் தன் கல்லூரிகளுள் ஒன்றிற்கு அவர் பெயரிட்டது.

முடிவுரை

நண்பர்களே, கல்வியுடையோர் இருவகையினர். தாம் அரிதிற் கற்றது பிறர்க்கும் அரிதாகவே இருத்தல் வேண்டும் என்போர் ஒருவகையினர். தாம் ஏறிய செங்குத்துப் பாறையில் பின்வருவார்க்குப் படி வெட்டிச் செல்வோர் மற்றொரு வகையினர். எண்மொழியில் வல்லராயிருந்தும், அவ்வன்மை வேண்டாதபடி செய்ய உழைத்த ஹாப்பர் அம்மையார் இரண்டாம் வகையினர். அவர் வெட்டிய படிகளின்மேலேயே கணிதமறியாத என்போன்றோரும் இன்று ஏறுகின்றனர்.

விடுமுறை கழிந்து வந்தபின், ஒருநாள் யானே நூலகத்துப் பொறியொன்றில், காப்பாளரின் இசைவு பெற்று, அம்மொழியை மூலத்தினின்று ஆக்கினேன். தோழர் அருகிருந்தார், கைவைத்திலர். இருமுறை பிழைபட்டு மூன்றாம் முறை முடிந்தது. பின்னர் மூலத்தின் ஏடொன்றைத் திறந்து பார்த்தேன். பொருள் முற்றும் விளங்கிற்றென்று சொல்லேன். ஆயினும் அது மூடியிருக்கவில்லை. படிக்கலாம் என்று என்முன் விரிந்து கிடந்தது. அங்ஙனம் விரித்து வைத்தல் ஒரு காலத்தில் ஒருவர் துணிந்து தொடங்கிய அறம் என்பதை அறிந்தபின், அவ்வேட்டை மூட எனக்கு மனம் வரவில்லை.